கொழும்பு ரேடியோவிலிருந்து ரீல்ஸ் வரை: இராமநாதபுரம் கரையில் பழைய படம் பார்க்கிறவர்கள்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இந்தத் தடைக்காலம் 45 நாளாக இருந்தது. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் அந்த நாட்களில் படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலையைச் சரிசெய்வது எல்லாம் பகலோடு முடிந்துவிடும். அப்புறம் நீளமான ஒரு சாயங்காலம், கையில் ஒரு போன். புதுப் படம் பார்க்க வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ராம்நாட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். பழைய படம் யூடியூபில் சும்மா கிடைக்கிறது. மூன்று மணி நேரம் ஓடுகிறது. வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலும் நெளியாமல் பார்க்கலாம்.

பார்த்த மறுநாள் கருத்து வந்துவிடும். டீக்கடையிலும் ஏலக்கூடத்திலும் கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட இந்த நாலைந்துக்குள் அடங்கிவிடும். "பாட்டெல்லாம் தெரிஞ்ச பாட்டு, படத்தை இப்பத்தான் முழுசாப் பார்த்தேன்." "ரெண்டாவது பாதி இழுவைப்பா." "சிவாஜி கொஞ்சம் ஓவர்." "சண்டையைப் பார்த்தா சிரிப்பா வருது." "என்ன இருந்தாலும் இப்ப வர்றதுக்கு அது எவ்வளவோ மேல்." போகிற போக்கில் சொல்வதுதான். ஆனால் ஒரே படத்துக்குத் தாத்தா ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, பேரன் வேறொன்று சொல்வதற்கு ரசனை மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் ஒவ்வொருவரிடமும் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதில்தான் பாதி கருத்து முடிவாகிவிடுகிறது. இந்தக் கரையில் அந்த வழிகள் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் விசித்திரமானவை.

முதல் வழி காது. 1952-இல் மத்திய அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். விவித் பாரதி தொடங்கியது 1957 அக்டோபரில்தான். அந்த இடைவெளியில் நாடு முழுவதும் நேயர்களை இழுத்துக்கொண்டது இலங்கை வானொலி. வடக்கே இந்திப் பாட்டுக்காகக் கேட்டார்கள், இங்கே தமிழ்ச் சேவைக்காக. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மத்திய அலை ஒலிபரப்பு உப்புத் தண்ணீருக்கு மேலே அதிகம் தேயாமல் வரும், தரையில் அப்படி வராது. அதனால் மண்டபம் முதல் தொண்டி வரை, திருச்சி நிலையத்தைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்ட வீடுகள் இருந்தன. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இங்கே சொந்தக்காரர் குரல் போலப் பழகியவை. பாட்டு மட்டும் வரவில்லை. வசனத் துண்டுகளைக் கோத்து, கதையைப் பாதி சொல்லி நிறுத்திவிடும் திரை நிகழ்ச்சிகளும் வந்தன. நம் வானொலியும் பின்னாளில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் போட்டது. திருவிழாவென்றால் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' வசனம் முழுதாக ஓடும்.

ஆக, அந்தத் தலைமுறைக்குப் படம் என்பது முதலில் கேட்டது, பிறகுதான் பார்த்தது. சில படங்களைக் கேட்டதோடு சரி, பார்க்கவே இல்லை. இப்போது பேரன் போனில் போட்டுக் கொடுக்கும்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். குரலைப் பற்றி, வசன உச்சரிப்பைப் பற்றி, பாட்டு வரும் இடத்தைப் பற்றித்தான் இருக்கும். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

'சிவாஜி ஓவர்' என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1952-இல் 'பராசக்தி' வந்தபோது அதில் நடித்தவர்கள் பலரும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். படமும் கரையோர ஊர்களுக்கு வந்தது டூரிங் டாக்கீஸில்தான். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, வெளியே ஜெனரேட்டர் சத்தம், உள்ளே குழந்தை அழுகை, முறுக்கு விற்கிறவன் குரல். அந்த இரைச்சலைத் தாண்டி ஒரு கண்ணசைவும் ஒரு கர்ஜனையும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதே முகத்தை ஆறு அங்குலத் திரையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தால் ஓவராகத்தான் இருக்கும். அந்த நடிப்பின் அளவு அந்தக் கொட்டகைக்கு எடுத்தது. 2012-இல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டுப் பெரிய திரையில் வந்தபோது யாரும் அதை ஓவர் என்று எழுந்து போகவில்லை. நூறு நாளைத் தாண்டி ஓடியது.

'இழுவை' என்பதற்கும் கொட்டகையில் ஒரு விடை இருக்கிறது. டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும், விளக்கு எரியும், ஆட்கள் எழுந்து போய் வருவார்கள். படத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பதுதான் வழக்கம். நகைச்சுவையும் கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடும். அதை எழுதித் தர வேறு ஆள் இருந்தார். கவுண்டமணி-செந்தில் ஜோடிக்கு அப்படி எழுதியவர்களில் ஏ.வீரப்பன் முக்கியமானவர். முதுகுளத்தூர்ப் பக்கத்து இளஞ்செம்பூர்க்காரரான செந்தில் வாழைப்பழத்துக்கு உதை வாங்கும் 'கரகாட்டக்காரன்' காட்சியைப் படத்திலிருந்து உருவித் தனியாக ஓடவிட்டாலும் ஓடுகிறதென்றால், அது தனியாக ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது. நிறுத்தி நிறுத்திப் பார்க்க எழுதிய படத்தை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு இழுவை என்றால் படம் என்ன செய்யும்?

ஒரே மூச்சில் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தது டெக். 1980-களில் கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் சபுர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போய்த் திரும்பியவர்களின் பெட்டியில் வீடியோ பிளேயர் வந்தது. மற்ற ஊர்களில் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு ராத்திரி வாடகை, மூன்று படம், விடிவதற்குள் முடித்தாக வேண்டும். பாட்டு வந்தால் ஓட்டு, சண்டை வந்தால் நிறுத்து. இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிய மாமாக்கள் பழைய படத்தைப் பார்த்தால் ஏன் இவ்வளவு பொறுமை இழக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். அவர்கள் கை ரிமோட்டில் வளர்ந்த கை. கதை என்ன, முடிவு என்ன, அடுத்த கேசட் எங்கே, இவ்வளவுதான். தியேட்டர் பக்கம் போகாத பெண்கள் நிறையப் பேர் முழுப் படம் ஒன்றை முதலில் பார்த்ததும் இந்த டெக்கில்தான். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

டிவியும் இங்கே கடல் கடந்துதான் முதலில் வந்தது. 1982-இல் ரூபவாஹினி தொடங்கியதும் கரையோர வீடுகளில் உயரக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்தார்கள். சிங்களம் புரியாவிட்டாலும் படம் ஓடுகிறதல்லவா. பிறகு இராமேசுவரத்தில் தூர்தர்ஷனுக்கு 323 மீட்டர் உயரத்தில் கோபுரம் வந்தது. நாட்டிலேயே உயரமான டிவி கோபுரம் நம் தீவில் நிற்கிறது என்பது இங்கே பலருக்குப் பெருமை. அதில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் தனிக் கதை, விட்டுவிடலாம்.

இப்போது பேரன்கள். இவர்களுக்குப் படம் ரீல்ஸில் முப்பது முப்பது வினாடியாக வந்து சேர்கிறது. வடிவேலுவின் முகம் தெரியும், எந்தப் படம் என்று தெரியாது. பாட்டின் இரண்டு வரி தெரியும், யார் யாருக்குப் பாடுகிறார்கள் என்று தெரியாது. பிறகு ஒருநாள் முழுப் படத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். யோசித்தால் இது தாத்தாவின் கதைதான். அவருக்கும் துண்டு முதலில் வந்தது, முழுமை பல வருடம் கழித்து. நடுவில் இருக்கும் டெக் தலைமுறைதான் முழுப் படத்தில் தொடங்கியது. பழைய படம் பார்க்கும்போது தாத்தாவும் பேரனும் ஒரு பக்கம் சாய்வதும், அப்பா மட்டும் 'ஓட்டுடா' என்பதும் ஏனென்று இதிலிருந்து கொஞ்சம் புரிகிறது.

துண்டிலிருந்து முழுப் படத்துக்குப் போகிறவர்களுக்கு ஏற்படும் அதிர்ச்சிக்கு நல்ல உதாரணம் 'குணா'. 1991 நவம்பர் 5 தீபாவளிக்கு, 'தளபதி' வந்த அதே நாளில் வந்த படம். கமல் பரமக்குடியில் பிறந்தவர் என்பதால் இந்த மாவட்டத்தில் அவர் படத்துக்கு எப்போதும் ஒரு வீட்டு உரிமை உண்டு. அப்படியும் 'குணா'வை அன்றைக்குப் பலர் தலையைச் சொறிந்துகொண்டுதான் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. குழியில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. அதில் 'கண்மணி அன்போடு' ஒலித்த இடத்தில் தியேட்டரே ஆடியது. பையன்கள் திரும்பிப் போய் 'குணா'வைப் போட்டார்கள். அங்கே பார்த்தால், மனநிலை பிறழ்ந்த ஒருவன் தான் கடத்திக்கொண்டு வந்த பெண்ணிடம் கடிதம் சொல்ல, அவள் எழுதுகிறாள். "நான் நினைச்ச பாட்டு இது இல்லையே" என்று ஒருத்தன் சொன்னால் அதில் தப்பே இல்லை. அவனுக்கு அது நட்புப் பாட்டு. மூத்தவர்களுக்கு அது கொஞ்சம் பயமும் கொஞ்சம் பரிதாபமும் கலந்த காதல் பாட்டு. இரண்டையும் தாங்குகிற அளவுக்கு இளையராஜாவின் மெட்டும் வாலியின் வரியும் அகலமாக இருப்பதுதான் ஆச்சரியம்.

ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் பார்க்கும் பிரதிகளே பல சமயம் வேறு வேறு. டிவியில் ஓடியதைப் பதிவு செய்து ஏற்றியதில் பாட்டு வெட்டியிருக்கும். போன் திரையை நிரப்ப மேலும் கீழும் நறுக்கியதில் நெற்றியும் முழங்காலும் போயிருக்கும். உரிமைப் பிரச்சினையால் பாட்டு ஊமையாகக் கிடக்கும். "படத்துல தொடர்ச்சியே இல்ல" என்று ஒருவர் சொன்னால், இயக்குநரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் பார்த்த பிரதி எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்பது நல்லது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் கொஞ்சம் கூடக் குறையப் பொருந்தும். இந்தக் கரைக்கே உரிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது கடல்.

கடல் வரும் படம் எதுவானாலும் இங்கே அதற்குத் தனிப் பரீட்சை உண்டு. 'படகோட்டி'யை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி, வாலியின் பாட்டுகள், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. மீனவர் வாழ்க்கையைப் பாடிய படம் என்று தமிழ்நாடே கொண்டாடியது. இங்கே தடைக்காலத்தில் அதைத் திரும்பப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "இது கடலே இல்ல, காயல்" என்பதுதான். சரியாகத்தான் சொல்கிறார்கள், கேரளத்துக் காயல்களில் எடுத்த படம் அது. இரு கரையிலும் தென்னை, அலையில்லாத தண்ணீர், உட்கார்ந்து பாடிக்கொண்டே துடுப்புப் போடலாம். வள்ளத்தில் போகிறவருக்கு அது வேடிக்கையாகத் தெரிகிறது. இளையவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் நிறுத்த மாட்டார்கள். "படகு பொய்யா இருக்கட்டும்டா, கடன் நிஜந்தானே" என்பார்கள். மீனவர்களை இரண்டு பிரிவாக மோதவிட்டு, கடன் கொடுத்து, பிடித்ததையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதலாளி அந்தக் கதையில் வருகிறார். படகு முதலாளியான சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கிவிட்டு, பிடித்த மீனுக்கு விலை சொல்ல முடியாமல் நிற்கும் நிலைமை இந்தக் கரையில் யாருக்கும் புதிதல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. 'படகோட்டி' 1964 தீபாவளிக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 22-23 இரவில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து போன ரயிலையும் கொண்டுபோனது. (அப்போது ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இராமேசுவரத்தில் இருந்தார்கள் என்பதை இங்கே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.) எழுபது, எண்பது வயதுக்காரர்களுக்கு அந்தப் படத்தின் பாட்டும் அந்த மாதங்களும் சேர்ந்தே நினைவில் இருக்கின்றன. அவர்களிடம் போய்த் திரைக்கதையில் ஓட்டை என்றால் எடுபடாது. 1977 ஆகஸ்டில் வந்த 'மீனவ நண்பன்' வேறு ரகம். எம்.ஜி.ஆர். ஜூன் 30-ஆம் தேதியே முதலமைச்சராகிவிட்டார். முதலமைச்சர் மீனவனாக நடித்த படம் என்ற ஆரவாரம்தான் அதைப் பற்றிய பேச்சில் மிஞ்சியிருக்கிறது. படமாகப் பார்த்தால் சுமார் என்பது என் கட்சி.

பாரதிராஜாவின் கடல் முட்டத்துக் கடல். 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இல், 'கடலோரக் கவிதைகள்' 1986-இல். பாறையில் மோதி வெண்மையாகச் சிதறும் அலை தமிழ் ரசிகன் மனதில் கடல் என்ற படமாகப் பதிந்தது அங்கிருந்துதான். இராமேசுவரத்துக்காரருக்கு அது குமரிக்காரரின் கடல். இங்கே தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல் என்பார்கள். ஆழம் குறைவு, வாடைக்காற்றுக் காலம் தவிர மற்ற நாளில் குளம் மாதிரிக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல், அதற்குக் குணம் வேறு. ஒரே ஊரில் இரண்டு கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கதாநாயகன் மனம் உடைந்ததும் அலை சீறுவதைக் காட்டினால், "இது எந்தக் கடல், எந்த மாசம்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இதைக் குறை சொல்லும் புத்தி என்று நினைக்க வேண்டாம். இதே ஆட்கள் சத்யராஜும் ரேகாவும் வரும் காட்சிகளில் வாய் திறக்காமல்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த பரீட்சை அக்கரை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகுகளில் வந்திறங்கியவர்களை நேரில் பார்த்த ஊர் இது. மண்டபம் முகாமில் தலைமுறை தாண்டிவிட்டது. அதனால் 2000-த்தை ஒட்டி வந்த மூன்று படங்களை இங்கே வேறு கண்ணால் பார்க்கிறார்கள். 'தெனாலி' 2000, 'நந்தா' 2001, 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002. வெளியூர்க்காரர்களுக்கு முதலாவது சிரிப்புப் படம், இரண்டாவது அடிதடிப் படம், மூன்றாவது விருதுப் படம். தேசிய விருது ஆறு வாங்கிய படம்.

இங்கே பேச்சு அப்படிப் போகாது. 'தெனாலி'யில் கமலுக்கு ஈழத்துப் பேச்சைப் பழக்கியவர் இலங்கை வானொலியின் அப்துல் ஹமீது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், பேச்சில் எங்கே யாழ்ப்பாணம் வருகிறது, எங்கே கமல் வருகிறார் என்று பிரித்துச் சொல்வார்கள். நடிப்பைப் பாராட்டுவார்கள். ஆனால் அந்த மனிதனுக்கு ஏன் எதைப் பார்த்தாலும் பயம் என்று படம் வேகமாகச் சொல்லிவிட்டு நகைச்சுவைக்கு ஓடிவிடுகிறதே என்ற குறை இந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்கும். எனக்கும் அந்தக் குறை உண்டு.

'நந்தா'வைப் பற்றிப் பேசினால் முக்கால்வாசி ராஜ்கிரணைப் பற்றித்தான் இருக்கும். சேதுபதி வம்சத்துப் பெரியவராக, வந்திறங்கும் அகதிகளுக்கு அடைக்கலம் கொடுக்கிறவராக வருகிறார். அவர் பிறந்தது கீழக்கரையில். 'என் ராசாவின் மனசிலே'யில் வேட்டியை மடித்துக் கட்டிய முரடனாகப் பார்த்தவரை, நிதானமாகப் பேசும் பெரிய மனிதராகப் பாலா மாற்றியது நம் ஊர் ஆளுக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. "சூர்யா நல்லாத்தான் பண்ணிருக்கான், ஆனா அது காக்கா படம்" என்று (காக்கா என்றால் இங்கே அண்ணன், ராஜ்கிரணைத்தான் சொல்கிறார்கள்) கீழக்கரையில் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' இன்னும் சிக்கலானது. ஒன்பதாவது பிறந்தநாளில் தான் தத்துப் பிள்ளை என்று தெரிந்துகொள்ளும் சிறுமி, பெற்றவளைத் தேடி அக்கரைக்குப் போகிறாள். பெற்றவள் பிள்ளையை இராமேசுவரத்தில் பெற்றுவிட்டுப் போரின் பக்கம் திரும்பிப் போனவள். 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதனின் குரல் வரும்போது இந்தக் கரையில் கருத்துச் சொல்கிறவர்கள் குறைவு. பேச்செல்லாம் மற்ற இடங்களைப் பற்றித்தான். சென்னைக் குடும்பத்தின் வீட்டுக் கலகலப்பு அதிகம், முகாம் குறைவு என்று ஒரு கட்சி. சிறுமியின் கண் வழியாகப் போகும் கதையில் அவ்வளவுதான் காட்ட முடியும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம். ஆனாலும் முதல் கட்சியில் இருப்பவர்கள் படகு வந்து நின்ற நாட்களைப் பார்த்தவர்கள் என்பதால் அதிகம் வாதாட மாட்டேன்.

டெக்கில் படம் பார்த்த பெண்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நடுவீட்டில், சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பார்த்தவர்கள். தியேட்டர் விசில் இல்லாமல் பார்த்தவர்கள். நாயகன் திமிர் பிடித்த பெண்ணுக்குப் புத்தி சொல்லும் காட்சியில் கொட்டகை கைதட்டியது. நடுவீட்டில் யாரும் கைதட்டவில்லை. ஆகவே, இன்றைய பெண் பிள்ளைகள் பழைய படம் பார்த்துவிட்டுக் கோபப்படுவதைப் புதுக் காலத்துக் கோபம் என்று முழுதாக ஒதுக்கிவிட முடியாது. 'படையப்பா' 1999-இல் வந்தது, 2025 டிசம்பரில் தியேட்டர்களுக்குத் திரும்பவும் வந்தது. கல்லூரிப் பெண்கள் பார்த்துவிட்டு வந்து, "நீலாம்பரி அப்படி என்ன தப்புப் பண்ணிட்டா? பிடிச்சவன்கிட்ட போய்ப் பிடிச்சிருக்குன்னு சொன்னா" என்கிறார்கள். வீட்டு ஆண்கள் பதறிப்போய் அவள் செய்த அக்கிரமங்களை வரிசையாக எடுத்துச் சொல்கிறார்கள், ரஜினிக்கு வக்கீல் மாதிரி. லாத்தாக்களிடமும் (அக்காமார்) பெரியம்மாக்களிடமும் கேட்டால் அவர்களுக்கு அந்த வழக்கில் பெரிய அக்கறை இல்லை. அந்தப் படத்தில் நின்று நடித்தது ரம்யா கிருஷ்ணன்தான், அது அப்பவே தெரியும் என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விடுகிறார்கள்.